சுவருக்குள் போன குழாய்

ஏசி மாட்ட வந்தவர் ட்ரில் மெஷினைச் சுவரில் வைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார். "சார், இந்தச் சுவத்துல பைப் ஏதும் போகுதா?" வீட்டுக்காரர் மனைவியைப் பார்ப்பார், மனைவி சுவரைப் பார்ப்பார். வீடு கட்டி ஆறே வருடம்தான் ஆகிறது. குழாய் போட்ட பிளம்பரின் நம்பர் பழைய போனோடு போய்விட்டது. இன்ஜினியரைப் பிடித்துக் கேட்டால், "பாத்ரூம் பக்கத்துல இருந்து ரெண்டு அடி தள்ளி அடிக்கச் சொல்லுங்க, ஒண்ணும் ஆகாது" என்பார். அவருக்கும் ஞாபகம் இல்லை என்பது குரலிலேயே தெரியும்.

பீரோவில் பத்திரத்தோடு வைத்திருக்கும் அப்ரூவல் ப்ளானை எடுத்துப் பார்க்கலாம்தான். அது அனுமதி வாங்குவதற்காக வரைந்த வீடு. குடியிருக்கிற வீடு அதற்குத் தூரத்துச் சொந்தம்.

செங்கல், ஜல்லி, கம்பி, சிமென்ட் என்று எஸ்டிமேட் போடுகிறவர்கள் ஒரு சரக்கை மட்டும் எழுதுவதே இல்லை: தகவல். எந்தக் கம்பி எத்தனை எம்.எம்., அதை யார் சொன்னார், பிறகு யார் மாற்றினார், மாற்றியது யார் யாருக்குத் தெரியும். அரிசி கெட்டால் நாற்றம் வரும், சிமென்ட் கெட்டால் கட்டிதட்டும். இது கெட்டால் ஒன்றுமே தெரியாது.

இன்றைக்கு ஒரு சாதாரண வீட்டு வேலையில் ட்ராயிங் வாட்ஸ்அப்பில் வருகிறது. 'ஃபைனல்' என்று ஒன்று. மூன்று நாள் கழித்து 'ஃபைனல் நியூ'. வீட்டம்மா படிக்கட்டைத் திருப்பிப் போடச் சொன்ன பிறகு 'ஃபைனல் கரெக்டட்'. மேஸ்திரி ப்ரின்ட் எடுத்து மடித்து வைத்திருப்பது இரண்டாவது. கம்பி கட்டுகிறவரின் போனில் இருப்பது முதலாவது. எலக்ட்ரீசியனுக்கு யாரும் எதையும் அனுப்பவில்லை. அவர் சென்ட்ரிங் பலகையில் சாக்பீஸால் போட்ட கோட்டைப் பார்த்துப் பைப் ஓட்டிவிட்டார். இவ்வளவுக்கும் நடுவில் வீடு எழும்பி நிற்கிறது என்றால், அது ரசமட்டமும் தூக்குக்குண்டும் பிடித்த கைகளின் அனுபவம்.

சின்ன வேலையில்தான் இப்படி, பெரிய கட்டடங்களில் எல்லாம் முறைப்படி நடக்கும் என்று நினைக்கிறவர்கள் கான்சாஸ் சிட்டி கதையைக் கேட்க வேண்டும்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இருக்கிறது அந்த ஊர். அங்கே ஹயாட் ரீஜென்சி என்ற 40 மாடி ஹோட்டல் 1980 ஜூலையில் திறக்கப்பட்டது. உள்ளே நுழைந்தால் பல மாடி உயரத்துக்குத் திறந்த முகப்புக் கூடம். கூடத்தின் குறுக்கே, அந்தரத்தில் தொங்குகிற நடைபாலங்கள். இரண்டாம் மாடிப் பாலத்துக்கு நேர் மேலே நான்காம் மாடிப் பாலம். மூன்றாம் மாடிப் பாலம் மட்டும் சற்றுத் தள்ளித் தனியாகத் தொங்கியது. 1981 ஜூலை 17, வெள்ளிக்கிழமை மாலை. கூடத்தில் நடன நிகழ்ச்சி. சுமார் 1,600 பேர் திரண்டிருந்தார்கள். ஏழு மணி தாண்டிச் சில நிமிடங்களில் நான்காம் மாடிப் பாலம் பிடி விட்டு இரண்டாம் மாடிப் பாலத்தின் மேல் விழ, இரண்டும் சேர்ந்து கூட்டத்தின் மேல் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள்.

பூகம்பம் இல்லை, புயல் இல்லை. மட்டமான இரும்பும் இல்லை. விழுந்ததற்குக் காரணம் ட்ராயிங்கில் நடந்த ஒரு சின்ன மாற்றம்.

முதலில் வரைந்தபடி, கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பி இறங்கும். அது நான்காம் மாடிப் பாலத்தின் உத்தரத்தைத் துளைத்துக்கொண்டு கீழே போய் இரண்டாம் மாடிப் பாலத்தையும் தாங்கும். இரண்டு உத்தரங்களுக்கும் அடியில் ஆளுக்கொரு நட்டு. இரும்பு வேலை எடுத்த நிறுவனத்துக்கு இதில் ஒரு சங்கடம். நான்காம் மாடி நட்டை அதன் இடத்துக்கு ஏற்ற வேண்டுமென்றால் கம்பியின் கீழ்ப்பாதி முழுக்க மரை வெட்ட வேண்டும். அவ்வளவு நீள மரைக் கம்பியைத் தூக்கி நிறுத்துவதற்குள் மரை நசுங்கிவிடும். நியாயமான கவலைதான், பட்டறையில் வேலை பார்த்த யாரும் இதைத்தான் சொல்வார்கள். அதனால் ஒரு கம்பியை இரண்டாக்கினார்கள். மேல் கம்பி நான்காம் மாடி உத்தரத்தோடு முடிந்தது. அங்கிருந்து சில அங்குலம் தள்ளி, அதே உத்தரத்தில், இன்னொரு கம்பி தொடங்கி இரண்டாம் மாடிப் பாலத்தைத் தாங்கியது.

கிணற்றுக்குள் ஒரே கயிற்றைப் பிடித்து இரண்டு பேர் இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு இருவரையும் தாங்கும். அவரவர் கை அவரவர் எடையைப் பிடிக்கும். கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவரின் காலைப் பிடித்தால்? கயிற்றுக்குச் சுமை மாறவில்லை. மேலே இருப்பவரின் கைக்கு இரட்டிப்பாகிவிட்டது. நான்காம் மாடி உத்தரத்தின் அடியில் இருந்த நட்டுக்கு நேர்ந்தது அதுதான். அன்று மாலை அந்த நட்டு உத்தரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

இந்த மாற்றம் ரகசியமாக நடக்கவில்லை என்பதுதான் வயிற்றைப் பிசைகிற விஷயம். பட்டறையிலிருந்து 42 ஷாப் ட்ராயிங்குகள் 1979 பிப்ரவரியில் கட்டமைப்புப் பொறியாளர் அலுவலகத்துக்குப் போயின. இரண்டு கம்பி அதில் வரைந்தே இருந்தது. பத்து நாளில் பரிசீலனை முத்திரையோடு தாள்கள் திரும்பின. போனில் கேட்டு ஒப்புதல் வாங்கிய பிறகே மாற்றினோம் என்றது ஒரு தரப்பு. அப்படி ஒரு போனே வரவில்லை என்றது மறு தரப்பு. இணைப்பைக் கணக்குப் போட வேண்டியது நீங்கள் என்று இவர்கள் அவர்களை நினைத்தார்கள். அவர்கள் இவர்களை நினைத்தார்கள். பிறகு விசாரித்த தேசியத் தர நிர்ணய அலுவலகம், முதலில் வரைந்த ஒற்றைக் கம்பி முறையே நகரின் கட்டட விதி கேட்ட பலத்தில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் என்று கண்டது. மாற்றிய பிறகு அதிலும் பாதி. ஆக, கணக்கை ஒருவருமே போட்டிருக்கவில்லை. பொறுப்பான இரண்டு பொறியாளர்கள் மிசௌரியில் தொழில் உரிமத்தை இழந்தார்கள். வரைந்தது ஒன்று, கட்டியது வேறு என்று முதலில் கண்டு சொன்னவர் உள்ளூர்ப் பத்திரிகை அமர்த்திய ஒரு பொறியாளர். அந்தச் செய்திகளுக்கு 1982இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இன்றைய மென்பொருள் அன்று இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்று விற்பனைக்காரர்கள் சொல்வார்கள். அவ்வளவு சுலபமாக நம்ப முடியவில்லை. இன்றைய மாடல் அந்த இரண்டு கம்பிகளையும் நிழலோடு, பளபளப்போடு, சுற்றிச் சுற்றிக் காட்டும். "இது தாங்குமா?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். ஆனால் ஒன்று நடந்திருக்கும்: மாற்றத்தை யார், எந்தத் தேதியில், யாரிடம் கேட்டுச் செய்தார்கள் என்பது போன் பேச்சோடு காற்றில் போயிருக்காது.

கட்டடக் கலை படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் வந்த சக் ஈஸ்ட்மன், இதை வேறு கோணத்திலிருந்து 1970களிலேயே யோசித்துவிட்டார். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த அவர் 1975இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் வாதம் மிகச் சாதாரணமானது. ஒரு கதவைத் தாளில் காட்ட வேண்டுமானால் ப்ளானில் ஒரு தடவை, எலிவேஷனில் ஒரு தடவை, செக்‌ஷனில் ஒரு தடவை, கதவு அட்டவணையில் ஒரு தடவை என்று வரைந்துகொண்டே இருக்க வேண்டும். கதவை அரை அடி நகர்த்தினால் எல்லாத் தாளையும் திருத்த வேண்டும். ஒன்றை மறப்பது உறுதி. அதற்குப் பதில் கட்டடத்தையே கம்ப்யூட்டருக்குள் ஒரே ஒரு தடவை வைத்துவிட்டு, தாள்களை அதிலிருந்து எடுத்துக்கொண்டால் என்ன?

இந்த யோசனை பரவலாகக் கடைக்கு வரக் கால் நூற்றாண்டு ஆயிற்று. நடுவில் 1982இல் ஆட்டோகேட் என்ற வரையும் மென்பொருள் வந்து உலகத்து வரைபலகைகளை எல்லாம் பரணில் ஏற்றியது. வேகம் கூடியது, தத்துவம் மாறவில்லை. அதில் கோடு வெறும் கோடு. நான்கு கோடு சேர்ந்தால் சுவர் என்பது பார்ப்பவர் மனதில்தான் இருக்கிறது, கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதே 1982இல், ஹங்கேரியின் புடாபெஸ்டில், இரும்புத்திரைக்கு அந்தப் பக்கத்தில், காபோர் போயார் என்பவர் தொடங்கிய கிராஃபிசாஃப்ட் வேறு வழியில் போனது. சுவரைச் சுவராகவே வைக்கும் அவர்கள் மென்பொருள்தான் பிறகு ஆர்க்கிகேட் ஆனது. 2000இல் அமெரிக்காவில் ரெவிட் வந்தது. இரண்டே வருடத்தில் ஆட்டோகேட்காரர்களான ஆட்டோடெஸ்க் அதை 13.3 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டார்கள். இந்த வகை வேலைக்கெல்லாம் பொதுவாக ஒட்டிக்கொண்ட பெயர் பிம். கட்டடத் தகவல் மாதிரி. இந்தப் பெயரில் கனமான சொல் நடுவில் இருக்கிறது. சுழலும் படத்தைப் பார்த்து மயங்கியவர்கள் 'மாதிரி'யைப் பிடித்துக்கொண்டார்கள்; 'தகவல்' ஓரமாக நின்றது.

படத்திலும் லாபம் இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றில் பீம் வரைகிறவர் ஒருவர், ஏசி டக்ட் வரைகிறவர் இன்னொருவர், ஸ்ப்ரிங்ளர் குழாய் வரைகிறவர் மூன்றாமவர். மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் டக்ட் பீமுக்குள் நுழைகிற இடங்கள் சிவப்பாக மின்னும். துறையில் இதற்குக் 'கிளாஷ்' என்று பெயர். கான்கிரீட் போட்ட பிறகு கோர் கட்டிங் மெஷின் கொண்டு துளைப்பதைவிடத் திரையில் நகர்த்துவது சல்லிசு. சென்னையிலும் கோவையிலும் இதையே பிழைப்பாகக் கொண்ட அலுவலகங்கள் நிறைய. பகல் முழுக்க அமெரிக்கக் கட்டடத்தின் இரும்பு இணைப்பை நட்டு நட்டாக மாடல் செய்கிற இளைஞர், சாயங்காலம் சொந்த ஊரில் எழும்பும் தன் வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் 'ஃபைனல் நியூ' அனுப்புகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே தகவலுக்குத் தனியாகக் காசு கொடுக்கிறார்கள். இங்கே அது இன்ஜினியர் இலவசமாகத் தர வேண்டிய கொசுறு.

ஆளுக்கொரு மென்பொருள் என்றானதும் அடுத்த சிக்கல் முளைத்தது. ஒன்று எழுதியதை இன்னொன்று படிக்காது. இதைத் தீர்க்க 1990களின் நடுவில் ஒரு கூட்டணி உருவாகி, எல்லோருக்கும் பொதுவான ஐ.எஃப்.சி. என்ற கோப்பு வடிவத்தை உருவாக்கத் தொடங்கியது. பிறகு அது சர்வதேசத் தரமும் ஆனது. அமெரிக்கத் தர ஆய்வு நிறுவனமான நிஸ்ட் 2004இல் ஒரு கணக்கு வெளியிட்டது: மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசாததால் அந்நாட்டுப் பெருங்கட்டடத் துறைக்கு ஆண்டுக்கு 1,580 கோடி டாலர் வீண். இதில் வரைந்தவருக்கும் கட்டியவருக்கும் நேர்ந்த நஷ்டம் சிறு பங்குதான். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, கட்டி முடித்த பிறகு கட்டடத்தை வைத்துக்கொண்டு பராமரிக்கிறவர்கள் தலையில் விழுந்தது. ஏசிக்காரர் கேள்விக்கு விழித்த வீட்டுக்காரரின் பெரிய வடிவம்தான் அது.

பிரிட்டன் அரசு இந்த இடத்தைத்தான் பிடித்தது. 2016க்குள் மத்திய அரசுப் பணத்தில் நடக்கும் கட்டுமானங்களுக்கு பிம் கட்டாயம் என்று 2011இலேயே அறிவித்தது. அதற்காக எழுதிய நடைமுறைகளே பின்னர் 2018இல் ஐ.எஸ்.ஓ. 19650 என்ற உலகத் தரமாக வளர்ந்தன. அந்தத் தரத்தைப் புரட்டினால் முப்பரிமாணப் படம் பற்றிப் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு நல்ல ரெக்கார்டு கிளார்க் எழுதியது போலிருக்கும். எல்லாக் கோப்பும் ஒரே பொது இடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் நான்கு நிலையில் ஏதோ ஒன்றில் நிற்க வேண்டும்: வரைகிறவர் இன்னும் கைவைத்துக்கொண்டிருப்பது, மற்றவர்கள் பார்க்கப் பகிர்ந்தது, கட்டலாம் என்று ஒப்புதலோடு வெளியிட்டது, பழையதாகிக் காப்பகத்துக்குப் போனது. வெளியிட்டதை மட்டுமே சைட்டில் பயன்படுத்தலாம். பழையது அழியாது, ஆனால் கையிலும் கிடைக்காது. இதற்கு சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டாம். தாலுகா ஆபீஸில் நேர்மையாக நடத்தப்பட்ட தபால் பதிவேட்டில் பாதி வந்துவிடும்.

சிங்கப்பூர் இன்னும் கறார். 2013இலிருந்து பெரிய கட்டடங்களுக்கு, 2015இலிருந்து 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய திட்டங்களுக்கு, அனுமதி கேட்கும்போதே மாடலைத் தர வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போய் அங்கே கட்டுமான வேலை பார்க்கிறவர்களில் பலர் மேற்பார்வையாளரின் டேப்லெட்டில் தாங்கள் கட்டப்போகும் சுவரைச் சுற்றிப் பார்த்திருப்பார்கள்.

விதி எழுதிய பிரிட்டனிலேயே விதி எட்டாத கட்டடங்கள் இருந்தன என்பது 2017 ஜூன் 14 அதிகாலை தெரிந்தது. லண்டனின் கிரென்ஃபெல் டவர், 24 மாடிக் குடியிருப்பு. ஒரு சமையலறையில் பிடித்த தீ வெளிச்சுவரில் ஏறி, மறுசீரமைப்பின்போது ஒட்டிய மேலுறை வழியாகக் கட்டடத்தையே சுற்றிக்கொண்டது. அந்த மேலுறை, இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாலிஎத்திலீன் வைத்த பலகை. 72 பேர் இறந்தார்கள். தீ பரவியதற்குக் காரணம் பலகைதான், கோப்பு அல்ல. ஆனால் அன்றிரவு தீயணைப்பு வீரர்கள் கையில் இருந்த தகவலைப் பாருங்கள். துறையின் பதிவேட்டில் அந்தக் கட்டடத்தைப் பற்றிய அடிப்படை விவரங்களில் சில தவறு, சில இல்லவே இல்லை. உள் அமைப்பு வரைபடம் வெகுநேரம் வரை கிடைக்கவில்லை. கீழ்த் தளங்களில் புதிய வீடுகள் சேர்த்ததால் மாடி எண்களும் மாறியிருந்தன. புகைக்குள் ஏறுகிறவருக்குத் தான் நிற்பது எத்தனையாவது மாடி என்பதே சந்தேகம்.

பிறகு கட்டட விதிகளை ஆராய்ந்த ஜூடித் ஹேக்கிட் 2018இல் தந்த அறிக்கையில் ஒரு சொல் பிரபலமானது. தமிழில் பொற்சரடு எனலாம். கட்டடம் எதனால் ஆனது, ஏன் அப்படி, யார் எப்போது எதை மாற்றினார் என்ற தகவல், வடிவமைப்பில் தொடங்கிக் குடியிருப்புக் காலம் முழுக்க அறுபடாமல் ஓட வேண்டும், அதுவும் டிஜிட்டலாக. 2022இல் வந்த கட்டடப் பாதுகாப்புச் சட்டம், 18 மீட்டர் உயரத்துக்கு அல்லது 7 மாடிக்குக் குறையாத குடியிருப்புகளுக்கு இதைப் பொறுப்பாளர்களின் சட்டக் கடமை ஆக்கியது.

இதில் ஒரு முரணும் உண்டு. இத்தனை டிஜிட்டல் பேச்சுக்கு நடுவில், கிரென்ஃபெல் தீயை விசாரித்த குழு கேட்ட பொருள்களில் ஒன்று ஒரு பெட்டி. உயரமான குடியிருப்புகளின் வாசலில் பூட்டிய பெட்டி. உள்ளே தாளில் அச்சிட்ட மாடி வரைபடங்கள். தீயணைப்புத் துறைக்குக் கம்ப்யூட்டரிலும் அனுப்ப வேண்டும், பெட்டியிலும் வைக்க வேண்டும். 2023 ஜனவரியில் இங்கிலாந்தில் அது விதியாகவே வந்துவிட்டது. இருட்டில், தண்ணீரில், சர்வர் கிடைக்காத நேரத்தில் தாள்தான் பேசும் என்பது அனுபவசாலிகள் கண்ட தீர்வு. சரியான தீர்வும்கூட.

2024 செப்டம்பரில் வந்த அந்தக் குழுவின் இறுதி அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. பொருள் தயாரித்தவர்கள் சோதனை முடிவுகளைப் பற்றிச் சந்தையை ஏமாற்றியிருந்தார்கள். தகவலே இல்லாதது ஒரு நோய், பொய்த் தகவல் வேறு நோய். பின்னதற்குப் பொற்சரடு மருந்தல்ல. பொய்யையும் அது அறுபடாமல் கொண்டுபோகும்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு, பாரிஸிலிருந்து. 2019 ஏப்ரல் 15 அன்று நோத்ர தாம் தேவாலயத்தின் கூரை எரிந்தபோது, அதை 100 கோடிக்கும் மேற்பட்ட லேசர் புள்ளிகளால் அளந்து வைத்தவர் உயிரோடு இல்லை. ஆண்ட்ரூ டாலன், அமெரிக்காவில் கலை வரலாறு கற்பித்த பேராசிரியர், ஐந்து மாதம் முன்புதான் மறைந்திருந்தார். மத்தியகாலக் கொத்தர்கள் எங்கே கோணலாகக் கட்டினார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் அவர் எடுத்த அளவுகள், மீட்பு வேலைக்குக் கைகொடுத்த ஆவணங்களில் சேர்ந்தன. அதைவிடச் சுவையானது, சாம்பலாகிப்போன அந்த ஓக் மரக் கூரைச் சட்டத்தின் கதை. 2014இல் ரெமி ஃப்ரோமோன், செத்ரிக் த்ரெந்தசோ என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் படிப்புக்காகப் பரணில் ஏறி, உத்தரம் உத்தரமாகக் கையால் அளந்து தாளில் வரைந்திருந்தார்கள். தச்சர்கள் கோடரியால் செதுக்கி அதே சட்டத்தை மறுபடி எழுப்ப அந்தத் தாள்கள் உதவின. ஃப்ரோமோன் பின்னர் மறுகட்டுமானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞர்களில் ஒருவராகவும் இருந்தார். 2024 டிசம்பரில் தேவாலயம் திறந்தது.

நம் ஊரிலும் சிலர் சத்தமில்லாமல் இதைச் செய்கிறார்கள். காடி வெட்டிப் பைப் பதித்து முடித்த அன்று, பூச்சு வேலைக்கு முந்தின சாயங்காலம், அறை அறையாகப் போய்ச் சுவரில் டேப்பை நீட்டி வைத்துப் போட்டோ எடுக்கிற வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்பது படத்திலேயே விழுந்துவிடும். ஒரு மணி நேர வேலை. இன்னும் கொஞ்சம் கவனமான எலக்ட்ரீசியன், வேலை முடிந்து டிபி பாக்ஸ் கதவை மூடுவதற்கு முன் பேனாவை எடுத்து, எந்த சுவிட்ச் எந்த அறைக்கு என்று கதவின் உட்பக்கம் எழுதி, கீழே தேதியும் தன் போன் நம்பரும் போட்டுவிட்டுப் போகிறார்.